பிள்ளை என்று எழுதி, புள்ள என்று சொல்வது

அப்பாவின் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்த பிறகு, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இரண்டு பேருடைய சத்தம் நின்றுபோனது. அவர் பேசவில்லை, அம்மா திட்டவில்லை. கல்யாணமான நாள்முதல் அவரைத் திட்டாமல் அம்மாவுக்கு ஒரு பொழுதும் போனதில்லை. இப்போதோ தட்டை மெதுவாக அவர் முன்னால் வைத்துவிட்டு, விருந்தாளிக்குச் சோறு போட்டவள் மாதிரி விலகி நின்றாள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பா கங்காணியாக இருந்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும்போது அவர் போடும் சத்தம், பனிமூட்டத்தைத் தாண்டி லிந்துலை பாதையில் போகிறவர்களுக்கும் கேட்குமாம். அப்படிப்பட்டவருக்கு என் பழைய போனைக் கொடுத்து, எழுதினால் அது பேசும் என்று காட்டினேன். யோசித்து யோசித்து, அம்மாவைக் கூப்பிட 'இங்கே வா பிள்ளை' என்று எழுதினார். போன் அதைச் செய்தி வாசிப்பவர் போலத் தெளிவாகச் சொன்னது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருங்க வந்துருக்கிறது?" என்று கேட்டாள். அன்றே அப்பா போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

அம்மாவை அவர் கூப்பிடுவது 'இந்தா புள்ள' என்றுதான். அதையே எழுதுங்கள் என்றால் மாட்டேன் என்று தலையாட்டுவார். எழுத்தென்றால் எழுத்து மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவரை மட்டும் சொல்வானேன், எங்கள் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். வாய் நிறைய 'வந்துருக்காங்க' என்போம். போனில் எழுத உட்கார்ந்தால் 'வந்திருக்கிறார்கள்' ஆகிவிடும். பேசுகிறபடி எழுதினால் பள்ளிக்கூடம் போகாதவர் என்று நினைத்துவிடுவார்களே என்று பயம்.

நான் பள்ளியில் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். மழை விடாத ஒரு லீவில் எக்ஸ்எம்எல் என்ற சமுத்திரத்தில் இறங்கினேன். கணினிக்கான மொழிகளை நாமே செய்துகொள்வதற்கான இலக்கணம் அது. ஒரு குறியைத் திறந்தால் மூட வேண்டும். உள்ளே திறந்ததை முதலில் மூட வேண்டும். கண்டிப்பெல்லாம் பெரும்பாலும் அதில்தான். குறிக்கு என்ன பெயர் வைப்பது என்பது நம் இஷ்டம். அதைக்கொண்டு யார் யாரோ தங்களுக்கென்று மொழிகள் கட்டியிருக்கிறார்கள். இசைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, படம் வரைய ஒன்று. நிலப்படத்துக்கான மொழியில் கொத்மலை நீர்த்தேக்கத்தின் கரை முழுவதையும் புள்ளி புள்ளியாக எழுதிவிடலாம். ஜன்னலுக்கு வெளியே மேகம் தேயிலைமேல் படுத்துக் கிடந்தது. அதற்கும் ஒரு மொழி இருக்கும், மேகத்தைத் திறக்கவும் மூடவும் குறிகள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

விழித்த பிறகுதான் பேச்சுக்கான மொழி கண்ணில் பட்டது. எஸ்எஸ்எம்எல் என்று பெயர். இங்கே மூச்சு விடு, இதை இழு, இதைத் தாழ்த்திச் சொல் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குறிகள் அதில் இருந்தன. அவற்றில் ஒரு சின்னக் குறியின் வேலை இதுதான்: எழுதியிருப்பது ஒன்று, வாயால் சொல்ல வேண்டியது இன்னொன்று. சுருக்கெழுத்துகளை விரித்துச் சொல்லவென்று வைத்தார்களாம். அடேயப்பா, இதைத் தமிழருக்கென்றே செய்திருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா எழுதுவது குரலாக மாறும் முன்னே, அதில் இந்தக் குறிகளைச் செருகும் ஒரு சின்ன நிரல் செய்தேன். அவருடைய எழுத்தில் நான் கை வைக்கவில்லை. 'பிள்ளை' பிள்ளையாகவே இருக்கும். சத்தம் மட்டும் 'புள்ள' என்று வரும். அவர் வழக்கமாகச் சொல்கிற மற்ற வார்த்தைகளுக்கும் ஒவ்வொன்றாக அப்படியே செய்தேன். 'புள்ள' என்றதும் அவர் எப்போதும் விடும் சின்ன இடைவெளியையும் வைத்தேன். வேகத்தைக் குறைத்தேன். குரல் யாருடையதோதான், போகட்டும். பேச்சு நடையாவது அவருடையதாக இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

கெஞ்சிக் கூத்தாடிப் போனை மறுபடி அவர் கையில் கொடுத்தேன். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அப்பா ஒற்றை விரலால், ஒற்றுப் பிழையில்லாமல், 'இங்கே வா பிள்ளை, தேநீர் கொடுக்கிறாயா?' என்று எழுதினார். போன் பேசியது.

"இந்தா புள்ள... தேத்தண்ணி குடுக்கிறியா?"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்பதானே குடிச்சீங்க. எந்நேரமும் தேத்தண்ணி, தேத்தண்ணி. நான் என்ன இங்க ஃபேக்டரியா வச்சிருக்கேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் யாருக்குப் பதில் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அதற்குள் அப்பா அடுத்த வரியை எழுத ஆரம்பித்திருந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் எழுதி முடிக்கும்வரை சண்டையை நிறுத்திவைத்துக் காத்திருந்தாள்.