ஈரச் சுவரும் முப்பது நாளும்

தான் அடித்த சுவர் காய்ந்துவிட்டதா என்று யாராவது விரலை வைத்துப் பார்த்தால் போதும், பெயிண்டர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார்.

சமூக வலைத்தளத்தில் ஊர்வம்பு பேசப்போய் மச்சானோடு பேச்சுவார்த்தை நின்றதும், இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று கணக்கை அழிக்கும் பொத்தானை அமுக்கினார். முப்பது நாளில் அழியும் என்றது செல்போன். இடையில் கணக்குக்குள் நுழைந்தால் அழியாது என்று கீழே இருந்ததை யார் படித்தார்கள்?

நான்கு மாதமாகியும் கணக்கு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

"இன்னுமா போகல?" என்றாள் மனைவி.

"அதான் புரியல. போயிடுச்சான்னு தெனமும் உள்ள போய்ப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

மனைவி செல்போனை வாங்கி, கணக்கை அழிக்கும் பக்கத்தைத் திறந்து, அந்தக் கீழ்வரியைச் சத்தமாகப் படித்தாள்.

"ஏங்க, உங்க செவுத்த எவனாவது இப்படித் தெனமும் தொட்டுப் பாத்தா என்ன சொல்லுவீங்க?"

பெயிண்டர் விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.