கொடுக்காத மேளம்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்று வளர்த்தது மூன்று பிள்ளைகள்: பெண் இரண்டு, ஆண் ஒன்று. நாலாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதனால் நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, எங்கள் ஊர்ப் பக்கம் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் போகும் பேத்தி தர்சினி இதை எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, சொல் என்னுடையது. நான் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில், மகன் வீட்டில். பக்கத்தில் முதியோருக்கென்று கொமூன, அதாவது நகரசபை, ஒரு மண்டபம் வைத்திருக்கிறது. புதன்கிழமை காலையில் அங்கே ஐந்து கிழடுகள் வரிசையாகக் கணினிக்கு முன்னால் உட்காருவோம். காதைப் பெரிய கவசத்தால் மூடிக்கொண்டு, பக்கத்துக் கதிரையில் இருப்பவரோடு வாயருகே நீட்டியிருக்கும் கம்பிக்குள்ளால் பேசுவோம். கை நீட்டினால் தோளைத் தொடலாம். ஆனாலும் கம்பிக்குள்ளால்தான் பேச்சு.

விளையாட்டு இதுதான். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஒருவர் கோட்டையை மற்றவர் உடைக்க வேண்டும். நான் போன நாளில் நாலு இடம் நிரம்பி ஒரு இடம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பெயர் சப்போர்ட். அந்த இடத்தில் இருப்பவளுக்கு அடிப்பது வேலையல்ல. அடிப்பவரைச் சாகாமல் காப்பதுதான் வேலை. எல்லோருக்கும் அடிக்கத்தான் ஆசை, அதனால் அந்தக் கதிரை எனக்குக் கிடைத்தது. விளையாட்டுக்குள் கையில் சேரும் காசோ கொஞ்சம். அதற்குள் அங்கேயே இருக்கும் கடையில் எதை வாங்குவது என்பதில்தான் இவளுடைய கெட்டித்தனம் இருக்கிறது. முதலில் சப்பாத்து, ஓட வேண்டுமே. பிறகு கண். இருட்டுக் காட்டுக்குள் அதை நட்டுவிட்டால் பகைவர் வருவது நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு கேடயமா, மருந்தா, மாலையா என்று அந்த நேரம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பத்து வாயைப் பார்த்துச் சட்டியில் மீனை அளந்து போட்டவளுக்கு இந்தக் கணக்குப் புதிதில்லை.

ஆனால் நான் ஒரு பிழை விட்டேன். அதைச் சொல்ல எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். கல்லடியில் என் தாய் எனக்கு வீட்டைத் தந்துவிட்டு விலகினாள். மண்டூரில் இருந்து என் புருசன் அந்த வீட்டுக்குத்தான் வந்தார். மூத்தவள் கலியாணம் முடித்த அன்று நான் வீட்டைப் பூட்டும் திறப்பை அவள் கையில் வைத்துவிட்டு, பாதி கட்டிய அடுத்த வீட்டுக்குப் போனேன். தேங்காய் துருவும் திருவலையை அங்கேயே விட்டுவிட்டேன். மூன்று மாதம் அயல் வீட்டில் போய்த் துருவினேனே தவிர, அதை மகளிடம் கேட்கவில்லை. கொடுத்த வீட்டிலிருந்து ஒரு சிரட்டைகூடத் திரும்பி வரக்கூடாது. இளையவளுக்கு இரண்டாவது வீடும் போயிற்று. எங்கள் பக்கத்தில் தாய் மகளோடு இருப்பாள். மகன் வீட்டில் போய் இருப்பது மரியாதைக் குறைச்சல். புருசன் கண்ணை மூடியபின் மகன் கூப்பிட்டான், வந்துவிட்டேன். மருமகள் ஒரு குறையும் வைக்கவில்லை. என்றாலும் இந்த நாட்டில் என்னுடையது என்று நான் சொல்லக்கூடியது அந்த ஐந்தாவது கதிரை மட்டும்தான்.

பயிற்சி ஆட்டம் ஒன்றில் நான் சேர்த்த காசையெல்லாம் போட்டு, அணிந்தவருக்குப் பலம் தரும் ஒரு மாலை வாங்கினேன். எங்கள் வில்லுக்காரி மாரிட், முன்னாள் தாதி. அவள் காலடியில் அந்த மாலையை வைத்துவிட்டு விலகினேன். "நை, நை, அது உன்னுடையது" என்றாள் அவள். நை என்றால் இல்லை. தாங்கள் சம்பாதிக்காததை இந்த நாட்டுக்காரர் தொடமாட்டார்கள். நானோ கொடுத்ததைத் திருப்பி எடுக்கமாட்டேன். மாலை நடுவழியில் கிடந்தது. பகைவன் ஒருவன் வந்து எடுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு எங்கள் ஐந்து பேரையும் அவன் ஒருவனே தின்று முடித்தான்.

தலைவர் யோன் முன்பு படகு ஓட்டியவர். கவசத்தைக் கழற்றிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"அதை ஏன் எடுக்கவில்லை?"

"அது அவளுடையது" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அடுத்த ஊர் அணியோடு போட்டி இருந்தது. யோன் என்னிடம் மெதுவாக, அன்றைக்கு நான் ஓய்வெடுக்கலாம் என்றார். இங்கே ஒருவரை விலக்குவதற்கும் இவ்வளவு மரியாதை. "யை சித்தர் ஹெர்" என்றேன். நான் இங்கேதான் உட்காருவேன் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த நோர்வேச் சொல்லில் அதுதான் பெரியது. அவர் சிரித்துவிட்டு, சாமானை ஒழுங்காக வாங்கினால் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து கடைச் சாமான் முழுவதையும் மருமகளை வாசிக்கச் சொன்னேன். அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள்.

"மாமி, இஞ்ச ஒரு மேளம் இருக்கு. இதை வைச்சிருக்கிற ஆளுக்குப் பக்கத்தில நிக்கிற எல்லாருக்கும் பலமாம்."

"ஆருக்குக் குடுக்கிற அதை?"

"ஒருத்தருக்கும் இல்லை. உங்கட பையிலயே கிடக்கோணும். குடுத்தா வேலை செய்யாது."

"அது என்ன கஞ்சன்ட சாமான்?"

"கஞ்சன் தனக்கு மட்டுமெல்லோ வைச்சிருப்பான், மாமி? இது எல்லாருக்கும்."

இரண்டு நாள் அது என் மனதுக்குள் உருண்டது. இரண்டு வீடு கொடுத்ததற்கு நான் ஒருநாளும் கவலைப்பட்டவளில்லை, இப்போதும் இல்லை. ஆனால் ஒரு அறையை மட்டும் என் பேரில் வைத்திருந்தால், இரண்டு மகள்மாரும் பிள்ளைகளோடு அங்கே வந்து கூடியிருப்பார்களே என்று முதல்முறையாக நினைத்தேன். அடுத்த புதன் மேளத்தை வாங்கினேன். பையில் பாரமாக இருப்பதுபோல ஒரு கூச்சம். அதற்கடுத்த இரண்டு புதனும் அதையே வாங்கினேன்.

போட்டி அன்று பகல் மண்டபம் நிறைந்த சனம். எங்கள் நிறம் நீலம். சப்பாத்து, இரண்டு கண், மேளம். அதற்கு மேல் நான் ஒன்றும் வாங்கவில்லை. ஆட்டத்தின் கடைசியில் பகைவர் எங்கள் கோட்டை வாசலுக்கே வந்துவிட்டார்கள். மாரிட்டுக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம். அவளும் இந்த மூன்று கிழமையில் மாறித்தான் இருந்தாள். கூச்சத்தை விட்டுக் கத்தினாள்: "மேளத்தைத் தா! எனக்குத் தா!"

கேட்ட ஆளுக்கு இல்லை என்று நான் சொன்னதில்லை. கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. அதைப் பிடித்து நிறுத்தினேன். "நை" என்றேன். "ஸ்தோ ஹெர்." இங்கே நில். காதுக்கவசத்தையும் மறந்து அவள் பக்கம் திரும்பி, என் கதிரையைத் தட்டிக் காட்டினேன். அவள் திரையில் தன் வில்லோடு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். அந்த இடத்தை விட்டு நான் ஒரு அடி அசையவில்லை. பகைவர் ஐந்து பேரும் அங்கே விழுந்தார்கள். பிறகு எல்லோருமாகப் போய் அவர்கள் கோட்டையை உடைத்தோம். யோன் எழுந்துபோய், சுவரில் தொங்கிய தாளில் அடுத்த போட்டிக்கு நேரே என் பேரைத்தான் முதலில் எழுதினார்.

ஆட்டத்தை இணையத்தில் காட்டினார்கள். கல்லடியில் மூத்தவள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தார்களாம். நான் பெருமையோடு அழைத்தேன். மூத்தவளின் குரலில் அழுகை.

"கவலைப்படாதங்க அம்மா. தோத்தா என்ன? நல்லாத்தான் விளையாடினீங்க."

"ஆர் கா தோத்தது, மகள்? நாங்க வெண்டிட்டம்!"

அவள் பின்னால் இருந்தவர்களிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

"அப்ப நீங்க சிவப்பில்லையா? சிவப்பில ஒண்டு ஓடி ஓடிச் சாமான் வாங்கி எல்லாருக்கும் குடுத்துக்கொண்டு திரிஞ்சிது. அதுதான் எங்கட அம்மா எண்டு நினைச்சம்."

"நான் நீலம்."

"ஒண்டும் குடுக்காம நடுவில நிண்டதே, அதா? ஐயோ அம்மா, அதைத்தான் எல்லாரும் சேர்ந்து ஏசினம்!"

தர்சினி, எழுதினது காணும் கிளி, நிப்பாட்டு. இனி முதலிலிருந்து வாசி, கேப்பம். நீயும் அங்க இருந்து ஏசினனிதானே? அந்த ஏசின இடத்தையும் விடாம, சத்தமா வாசி.