மகளின் ஜீன் ரிப்போர்ட்டும் என் முந்திரிக்கொட்டைத்தனமும்

ஜீன் டெஸ்ட் என்றால் நோய் அப்பா வழியா, அம்மா வழியா என்று காட்டிக்கொடுக்கிற டெஸ்ட் என்றுதான் நம்பியிருந்தேன். மகள் ஸ்டெல்லாவுக்குத் தீவிர ரத்தப் புற்றுநோய் என்றதும், கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரிப்போர்ட் வருமுன்பே டாக்டரிடம் முந்திக்கொண்டேன்.

"எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாதுங்க. அவங்கம்மா பக்கத்தைப் பாருங்க."

மனைவி முறைத்தாள். ஸ்டெல்லாதான் கேட்டாள்: "ஏம்ப்பா, இது என்ன சொத்துத் தகராறா?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "இது பரம்பரையைப் பாக்குற டெஸ்ட் இல்லைங்க. புற்று செல்லுக்குள்ள எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாக்குறோம். நோய் திரும்ப வருமான்னு கணிக்க உதவும்."

மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்லை வேறொருவரிடமிருந்து எடுத்து மாற்றுவதே நல்லது என்று ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னார். "அப்ப மாத்திடலாங்க டாக்டர்" என்றாள் ஸ்டெல்லா, நிதானமாக. நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மகளோடு எனக்கும் மனைவிக்கும் பாதிப் பொருத்தம் இருந்தது. அவளுக்குச் சர்க்கரை என்பதால் என்னைப் படுக்கவைத்தார்கள். கண்ணை இறுக மூடியபடி ஸ்டெம் செல்லைக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் டாக்டர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. இரண்டு வருடமாக ஸ்டெல்லாவுக்கு நோய் திரும்பவில்லை. அவள் உடம்பில் ஊறுகிற ரத்தம் என் செல்லிலிருந்து வருகிறது.