குடிக்காமல் வைத்த கோப்பி: மில்லிக்கனில் இருந்து எற்றோபிக்கோ வரை

இந்த வருசம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கன் வீட்டில் இருந்து நகரத்தின் மறு முனையான எற்றோபிக்கோவுக்குப் போய் வந்தேன். ஊர் பார்க்க அல்ல. ஹனான் என்ற பலஸ்தீனப் பெண்ணின் இரண்டு மகள்மாரை லெபனான் அகதி முகாமில் இருந்து இங்கே எடுப்பதற்காக. இதே மாதிரி வேலைக்கு நாங்களும் போகலாமா என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற சிலர் கேட்டிருந்தீர்கள். பாதையையும் நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சிக்கல் இதுதான். ஹனானுக்கு இங்கே அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. பிள்ளைகள் முகாமில், அவவின் தங்கையோடு. நாடே இல்லாத பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டு ஏது? முகாமுக்குள் போய்ப் பதிவுப் பத்திரங்களை எடுக்கக்கூடிய ஆள் எற்றோபிக்கோ பலஸ்தீனச் சங்கத்தின் கையில். வழக்கறிஞர் டவுன்டவுன் பலஸ்தீன மாணவர் குழுவின் கையில். இரண்டு பகுதியும், தங்கட தலைவர்கள் கையெழுத்து வைத்த சமாதான ஒப்பந்தம் சரியா பிழையா என்று கொழுவி, இரண்டு வருசமாக முகம் பார்ப்பதில்லை. நான் எலெக்ட்ரோனிக்ஸ் படித்தவன். இரண்டு வயரை முறுக்கினால் லைற் எரியும் என்கிற இடத்தில் ஆட்கள் ஏன் இருட்டுக்குள் இருக்கிறார்கள் என்று எரிச்சல்தான் வந்தது.

ஸ்காபரோவில் எங்கட அகதி உதவிக் குழுவை நடத்துகிறவர் மன்னாரைச் சேர்ந்த ஜெயம் அக்கா. ஹனான் அவவிடம் வந்து, எங்கட பலஸ்தீன ஆட்களில் எவர் போனாலும் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், நீங்கள் தூது போங்கோ என்று கேட்டா. அவர்களின் முறைப்படி, தூது போகிறவர்களுக்கு வீட்டுக்காரர் கோப்பி வைப்பார். கேட்டது கிடைக்கும் வரைக்கும் அதைத் தொடக்கூடாது. குடித்துவிட்டால் கேட்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். எனக்கு இது நேரத்தை வீணாக்கும் வேலையாகப் பட்டது. ஃபோனில் கேட்டால் என்ன என்றேன்.

“ஃபோன் எண்டா சங்கத் தலைவர் வச்சிடுவார். வீட்டுக்குப் போனா எங்களை வைக்கேலாது,” என்றா ஜெயம் அக்கா.

பாதை: என் வீட்டுக்குப் பக்கத்தில், மிட்லண்ட், ஸ்டீல்ஸ் தெருச் சந்தியில் 57ஆம் இலக்க பஸ். கெனடி நிலையத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து சப்வே, கிப்ளிங் வரை, ஒரு முனையில் இருந்து மறு முனை, ஐம்பது நிமிடம். பிறகு வடக்கே போகிற பஸ்ஸில் பதினைந்து நிமிடம். எல்லாமாக நாற்பது கிலோமீற்றர் இருக்கும். இரண்டு டொலர்தான். இரண்டு முனையிலும் பஸ் நிலையத்துக்குள்ளேயே வருவதால் திரும்பக் காசு போடத் தேவையில்லை. ஞாயிறில் பஸ் மெத்தப் பிந்தும். ஸ்டீல்ஸ் குளிரில் இருபது நிமிடம் நின்றேன். பிந்திவிட்டதே என்று டிரைவரைக் கேட்டால், எனக்கும் குளிருது ஐசே என்கிற மாதிரித் தோளைக் குலுக்கினார். ஜெயம் அக்கா வார்டன் சப்வே நிலையத்தில் ஏறினா. வழி முழுக்க, நீ வாயைத் திறக்காதே, நான் கதைக்கிறன் என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தா.

சங்கத் தலைவர் அபு நபீலுக்கு ஐம்பது வயது இருக்கும். குவைத்தில் பொறியியலாளர், இங்கே தரை ஓடு விற்கிற கடை. அவரின் வீட்டில் நாங்கள் இருந்ததும் சிறிய கிண்ணங்களில் சீனி போடாத கறுப்புக் கோப்பி வந்தது. எங்கட பக்கத்தில், வைத்ததைத் தொடாமல் வந்தால் அந்த வீட்டோடு பகை. ஜெயம் அக்காவின் கைக்கு அந்தப் பழக்கம் மட்டும்தான் தெரியும். கதைக்கத் தொடங்கமுதல் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டா.

அபு நபீலின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பனி இந்த வருசம் கூட, ஸ்காபரோவில் எப்படி என்று கேட்கத் தொடங்கினார். விசயம் முடிந்துவிட்டது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவர் என் கிண்ணத்தைப் பார்த்தார். அது நிரம்பி இருந்தது. முறைக்காக நான் வைத்திருக்கவில்லை. சீனி இல்லாத கோப்பி எனக்கு இறங்காது.

“நீர் குடிக்கேல்லையே?” என்று கேட்டார். கதைத்தது ஆங்கிலத்தில், நான் எங்கட தமிழில் எழுதுகிறேன்.

“இல்லை. குடிக்கவும் மாட்டன். ஹனானின்ர பிள்ளையளுக்கு உங்கட ஆளும் வேணும், மாணவர் குழுவின்ர வழக்கறிஞரும் வேணும். ஒப்பந்தத்தில ஆர் சரி எண்டு எனக்குக் கவலையில்லை.”

அக்கா என் காலை மிதித்தா. அபு நபீல் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“உங்கட தமிழ் ஆக்கள் ஒற்றுமையோ?”

“இல்லை. ஒரு ஊருக்கு மூண்டு சங்கம் வச்சிருக்கிறம். மூண்டிலயும் தலைவர் இருக்கிறார், ஆக்கள்தான் இல்லை.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “பிள்ளையளுக்காக ஓம். அந்த மாணவர் குழுத் தலைவர் பெடியனோட ஒரு அறையில இருக்கமாட்டன். இப்ப குடியும்,” என்றார். ஆறிப்போய்க் கசந்தது. குடித்தேன்.

மாணவர் குழுவும் ஓம் என்றது. அதற்குப் பிறகு இரண்டு பகுதியும் ஜெயம் அக்கா மூலம்தான் கதைத்தார்கள். காலையில் ஒருவர், பின்னேரம் மற்றவர். ஒற்றுமை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்திரங்கள் வந்தன.

வைகாசியில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் அபு நபீல் ஒரு தூணடியில், மாணவர் குழு மறு தூணடியில். மூத்தவளுக்குப் பதினொன்று, ஓடி வந்து தாயைக் கட்டிப்பிடித்தாள். சின்னவளுக்கு ஆறு. ஹனான் விட்டுவிட்டு வந்தபோது இரண்டு வயது. அவள் தாயைத் தாண்டிப் போய், பூங்கொத்தோடு நின்ற மாணவியின் கையைப் பிடித்து அம்மா என்றாள். ஹனான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தா. இரண்டு தூணடியிலும் நின்றவர்கள் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஞாயிறு என்றால் ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுங்கள். கையுறை கொண்டுபோங்கள். ஒருவர் கதைக்க, ஒருவர் குடிக்காமல் இருக்க, குறைந்தது இரண்டு பேர் போங்கள். அவர்கள் சமாதானமாகட்டும், பிறகு போவோம் என்று மட்டும் இருக்காதீர்கள். பிள்ளையள் அதுவரைக்கும் இரண்டு வயதில் நிற்கமாட்டுதுகள்.