திறந்தவர் பெயர்: தமிழரசி

கல்லூரியின் இணையக் கற்றல் தளத்தில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம், யார் எதைத் தொடவே கூடாது என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. அந்த வேலையில் நான் உறுதியாகச் சொல்லி, எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்த ஒரு விவரத்தை நான்கு வருடமாக நானே சந்தேகித்துக்கொண்டிருக்கிறேன். மின்னியல் துறை உதவிப் பேராசிரியை தமிழரசி, தேர்வுக்கு முந்தைய நாளே வினாத்தாளை மாணவர்களுக்குத் திறந்துவிட்டார் என்பது அந்த விவரம். அதன் பேரில் தளத்தில் அவருடைய உரிமையைக் குறைத்தார்கள். குறைத்த கை என்னுடையது. இப்போது அதைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று என்னையே குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"எனக்கு ஏன் இது திறக்கல?" என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்லும் ஆள் உங்கள் அலுவலகத்தில் நீங்கள்தான் என்றால், மேலே படியுங்கள். நம் பாடு நமக்குத்தான் தெரியும். குறிப்பை எழுதுவதற்கு முன்னால் இந்த வேலையில் நான் பார்த்த சிலவற்றை எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது தெளிவு வருகிறதா பார்ப்போம்.

முதல்வர் காணாமல் போனார்

திருமழிசையைத் தாண்டி இருக்கிறது எங்கள் கல்லூரி. நான் அங்கே கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளராகச் சேர்ந்தவன். ஊரடங்கில் வகுப்புகள் எல்லாம் இணையத்துக்குப் போனபோது தளத்தின் நிர்வாகமும் என் தலையில் விழுந்தது. சங்கதி எளிது. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு ரோல் உண்டு. மாணவர் படிக்கலாம், தேர்வு எழுதலாம். ஆசிரியர் பாடம் ஏற்றலாம், வினாத்தாள் அமைக்கலாம், மதிப்பெண் போடலாம். இரண்டுக்கும் நடுவில் 'திருத்த உரிமை இல்லாத ஆசிரியர்' என்று ஒருவர். அவர் மதிப்பெண் மட்டும் போடலாம். வினாத்தாளில் ஒரு காற்புள்ளியைக்கூட அசைக்க முடியாது. இவர்களுக்கு மேலே மேலாளர். எல்லாருக்கும் மேலே, கைப்பிடி உடைந்த ஒரு நாற்காலியில், நான்.

முதல்வருக்கு மேலாளர் ரோல் கொடுத்திருந்தேன். தளத்தில் 'மாணவராக மாறிப் பார்' என்று ஒரு வசதி உண்டு. தன் பாடம் மாணவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று ஆசிரியர் சரிபார்க்க வைத்தது. அவர் அதைத் தட்டிவிட்டார். அடுத்த நொடி மதிப்பெண் பட்டியல், அமைப்புகள் எல்லாம் மறைந்துவிட்டன. தன்னை யாரோ நீக்கிவிட்டார்கள் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து, நிர்வாகத்தில் தன்மேல் யாருக்கு என்ன மனத்தாங்கல் என்று யோசித்திருக்கிறார். நான் போய்ப் பழைய ரோலுக்குத் திரும்பும் பொத்தானைத் தட்டினேன். எல்லாம் வந்துவிட்டது. அவர் முகத்தில் சிரிப்பு மட்டும் வரவில்லை.

"நான் பிரின்சிபாலா இல்லையான்னு உங்க மெஷினை முதல்ல ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்க."

மாலதிக்கு வந்த சந்தேகங்கள்

அடுத்து நடந்தது என் தவறு. ரோல் எது என்பது பாதி வேலைதான். எந்த இடத்தில் கொடுக்கிறோம் என்பது மீதி. ஒரு பாடப்பக்கத்தில் கொடுத்தால் அந்தப் பக்கத்தோடு நிற்கும். துறையின் தலைப்பில் கொடுத்தால், மேல்மாடியில் திறந்த குழாய் மாதிரி கீழே உள்ள அத்தனை பாடத்துக்கும் வழிந்து இறங்கும். மின்னியல் துறை அலுவலகத்து மாலதி, கால அட்டவணையை ஒரே ஒரு பக்கத்தில் ஏற்ற வேண்டும் என்று உரிமை கேட்டார். அவசரத்தில் ஒரு படி மேலே கொடுத்துவிட்டேன். பி.காம். படித்த மாலதி, அந்தத் துறையின் எல்லாப் பாடங்களுக்கும் ஆசிரியை ஆகிவிட்டார்.

மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் அவர் நினைத்திருந்தால் எந்த மாணவனின் மதிப்பெண்ணையும் மாற்றியிருக்கலாம். அவர் மாற்றவில்லை, மாற்ற முடியும் என்பதே அவருக்குத் தெரியாது. நான்காம் நாள் என் மேசைக்கு வந்து, கோபமும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல் சொன்னார்.

"சார், பசங்க எனக்கு 'குட் மார்னிங் மேம், கிர்ச்சாஃப் விதி புரியல'ன்னு மெசேஜ் அனுப்புறாங்க. எனக்கும் புரியலப்பான்னு பதில் போட்டுட்டேன்."

அம்மாவின் வருகைப்பதிவு

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகன் ஊரடங்கு முழுவதும் ஒரு வீடியோ பாடத்தையும் விடாமல் கடைசி வரை பார்த்திருந்தான், எல்லாச் சிறு தேர்வும் எழுதியிருந்தான். கல்லூரி திறந்து, நேரில் எழுதிய பரீட்சையில் ஐம்பதுக்கு ஆறு வாங்கினான். நான் தளத்தின் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். யார், எந்த நேரம், எதைத் தொட்டார்கள் என்று வரிவரியாக அதில் இருக்கும். "பாருங்கம்மா, பையன் தினமும் பத்து மணிக்குச் சரியா வந்து உட்கார்ந்திருக்கான்" என்றேன். அந்த அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவன் எங்க சார் உக்காந்தான்? அவன் தூங்குவான். நாந்தான் அவன் நம்பரைப் போட்டு உக்காந்திருந்தேன்" என்றார். தேர்வுக்கும் அவர்தான் நோட்டு எடுத்து, படித்து, எழுதியிருக்கிறார்.

எழுந்து போகும்போது பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே ஒரு யோசனையும் சொன்னார்.

"எம் பயல எடுத்துட்டு அந்த இடத்துல என்னய வச்சுக்கிடுங்க சார், நான் ஒழுங்கா வருவேன்."

ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்

அந்த அம்மா வந்துபோனதற்குச் சில மாதம் கழித்துத்தான் தமிழரசி விஷயம் நடந்தது. அதாவது, பதிவேட்டில் இருப்பது பெயர்தான், ஆள் அல்ல என்று எனக்கு முன்பே தெரியும். இதை எழுதும்போதுதான் எவ்வளவு மோசம் என்று தெரிகிறது.

வினாத்தாளின் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். குறுக்கே கோடு போட்டிருந்தால் மாணவருக்குத் தெரியாது. கோடு இல்லாவிட்டால் தெரியும். ஒரு தட்டு போதும். செவ்வாய்க்கிழமை இன்டர்னல் டெஸ்ட். திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அந்தக் கண் திறந்தது. மத்தியானத்துக்குள் வினாத்தாள் எல்லார் போனிலும் இருந்தது. பதிவேட்டில், திறந்தவர் பெயர்: தமிழரசி. இடம்: லேபில் ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்.

முந்தைய பீரியடில் அதே கம்ப்யூட்டரில் அவர் வகுப்பு எடுத்திருக்கிறார். வெளியேறும் பொத்தானைத் தட்டாமல் போயிருக்கலாம், வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் லேப் அட்டெண்டர் சேகர் என்னிடம், "மேடம்தான் சார் ஏழாம் நம்பர்ல. நானே பாத்தேன்" என்று சொல்லியிருந்தான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. 'நேரில் பார்த்தவர் இருக்கிறார்' என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிதான் விசாரணைக் குழுவுக்குப் போதுமானதாக இருந்தது. வேலையிலிருந்து எடுக்கவில்லை; தளத்தில் ஒரு படி இறக்கச் சொன்னார்கள். தமிழரசி என் மேசைக்கு வந்தபோது அவர் பெயருக்கு எதிரே நான் ரோலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்த நேரம் பஸ் ஷெட்ல நின்னு வீட்டுக்கு போன் பேசிட்டு இருந்தேன் சார். உங்க பதிவேட்டுல அது எந்தப் பக்கத்துல வரும்?"

கதவு திறந்துவிடும் மாணவன்

அன்றிலிருந்து அவர் திருத்த உரிமை இல்லாத ஆசிரியர். வினாத்தாளை வேர்டில் தட்டி அனுப்புவார்; வேறொருவர் தளத்தில் ஏற்றுவார். தேர்வு நேரம் வந்தால் வேறொருவர் அந்தக் கண்ணைத் திறக்க வேண்டும். யாரும் கிடைக்காத நாளில் என்னைக் கூப்பிடுவார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை கழுவிவிட்டு வரும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருப்பார். நான்கு வருடத்தில் ஒரு சொல் கடுமையாகப் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

போன வருடம் அவரிடமே படித்த ஒரு பையன், மேல்படிப்பு முடித்து அதே துறையில் ஆசிரியராகச் சேர்ந்தான். விதிப்படி முழு ஆசிரியர் ரோல் கொடுத்தேன். முதல் தேர்வு நாளில் இருவரும் லேபில் இருந்தார்கள். "மேம், நான் திறந்து தரட்டுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அவர் நாற்காலியை விட்டு எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தார். வாசலில் நின்ற என்னைத் தாண்டிப் போகும்போது நின்று சொன்னார்.

"என்கிட்ட படிச்ச பையன் எனக்குக் கதவு திறந்துவிடுறான் சார். நல்லாத்தான் பாடம் நடத்தியிருக்கேன்."

காட்டுப்பாக்கம் ஜெராக்ஸ் கடை

இப்போது துறையின் தேர்வு ஒருங்கிணைப்பாளராக அவரைப் போடலாம் என்று புதுத் துறைத்தலைவர் கேட்கிறார். சீனியர் அவர்தான். திருத்த உரிமை இல்லாமல் அந்தப் பொறுப்பைக் கொடுக்க முடியாது; பழைய அறிக்கை நிற்கும்வரை உரிமையைக் கொடுக்க முடியாது. இந்த முறை விட்டால் அவருக்கு இன்னொரு முறை வரப்போவதில்லை. பதிவேட்டை மறுபடி பார்க்கலாம் என்றால், அது ஒரு வருடத்துக்கு மேல் நிற்காது. பழைய வரிகள் தானாக அழிந்துவிடும். அப்படி வைத்தவனும் நான்தான். மிச்சம் இருப்பது சேகரின் ஞாபகம் மட்டும். அவன் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. காட்டுப்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நேற்றுக் காலை கல்லூரிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

"இன்னா சார், ரிட்டையர் ஆயிட்டியா? இந்தாண்ட வந்துகீற."

"இன்னும் இல்லப்பா."

"மூஞ்சிய பாத்தா ஆன மாரிதான் கீது. குந்து சார், டீ சொல்றேன்."

ஆதார் அட்டை ஒன்றைப் புரட்டி வைத்து நகல் எடுத்துக்கொண்டே பேசினான். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டேன்.

"தமிழரசி மேடம் மேட்டரா? அத்த இன்னாத்துக்கு சார் இப்ப தோண்டுற?"

"எழுதிக் கொடுக்கணும். உனக்கு என்ன ஞாபகம் இருக்கோ சொல்லு."

"எல்லாம் ஞாபகம் கீது சார். தண்ணி கேன் தூக்கினு லேப்புள்ள வந்தேன். ஏழாம் நம்பர். மேலாண்ட ஓரத்துல தமிழரசின்னு பேரு, பக்கத்துல வட்டமா அவங்க போட்டோ. கண்ணாடி போட்டுகினு சிரிக்கும் பாரு, அந்த போட்டோ. இன்னிக்கும் கண்ல நிக்குது."

"அப்ப லேப்ல வேற யாரு இருந்தாங்க?"

"அடுத்த பேட்ச் பசங்கோ. ஒரே கூச்சல். ஏழாம் நம்பர சுத்தி நாலு பேரு நின்னுகினு இருந்தானுங்கோ."

அந்த வட்டப் படம் எனக்குத் தெரியும். உள்ளே நுழைந்தவர் வெளியேறும்வரை திரையின் மூலையில் இருக்கும். எல்லாருடைய படத்தையும் ஏற்றியவன் நான். டீ வந்தது. சேகர் மிஷினில் தாளை நிரப்பினான். கல்லூரியில் இருக்கும் அத்தனை பேருடைய உரிமையையும் சரிபார்த்துவிட்டு, இரண்டாவது கேள்வி கேட்க எனக்கு இருந்த ஒரே உரிமையை மட்டும் நான்கு வருடம் பயன்படுத்தாமல் வைத்திருந்த நிர்வாகி நான். டீயைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டேன்.

"சேகர், அன்னைக்கு அந்த நாற்காலியில நீ மேடத்தைப் பார்த்தியா, இல்ல ஸ்கிரீன்ல அவங்க பேரையும் போட்டோவையும் பார்த்தியா?"