கிடங்குத் தண்ணீர்

கடலில் நீந்த வேண்டும் என்ற ஆசை எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. கோவில்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவள் நான். சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியதோடு சரி. ஒருநாள் செல்போனில், தனுஷ்கோடிப் பக்கம் நடுக்கடலில் சில பெண்கள் நீந்துவதைப் பார்த்தேன். அன்று முழுக்க டோக்கன் நம்பரைத் தப்புத் தப்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னதும் கணவர் சிரித்தார். "குடிதண்ணிக்கு லாரியைப் பாத்துக் கெடக்கோம். நீ கடல்ல நீந்தப் போறியா?"

சிரிக்காதவர் அவருடைய அக்கா ஒருவர்தான். எனக்கு மதினி, எங்களோடுதான் இருக்கிறார். "நீந்தட்டுமே. எங்கன வச்சுப் பழகுவ, அதைச் சொல்லு" என்றார்.

கழுகுமலை போகும் வழியில், கரிசல் காட்டுக்கு நடுவில், கல் உடைத்துவிட்டுக் கைவிட்ட கிடங்கு ஒன்று இருந்தது. கோடையில் சுற்றியுள்ள நிலமெல்லாம் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கிடங்கில் மட்டும் தண்ணீர் வற்றாது. ஆனால் ஆடு மேய்ப்பவர்கள் அந்தப் பக்கம் ஆடுகளை இறக்குவதில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. வேறு இடமும் எங்களுக்கு இல்லை.

விடிந்ததும் ஸ்கூட்டரில் போவோம். மதினி காற்றடித்த லாரி ட்யூபைக் கயிற்றில் கட்டி வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பார். மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். காலைக் கொஞ்சம் கீழே விட்டால் ஐஸ் மாதிரி சுடும். தவளை கிடையாது, மீன் கிடையாது. தண்ணீரில் கை விழும் சத்தம் எதிர்ப்பாறையில் பட்டு, சற்றுத் தாமதமாகத் திரும்பி வரும்.

ஒருநாள் நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். என் கை ஓய்ந்த பிறகும் அந்தச் சத்தம் ஓயவில்லை. சளப், சளப் என்று நிதானமாக வந்துகொண்டே இருந்தது. அலை பாறையில் அடிக்கிறது என்று நினைக்கப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

"ஏட்டி, கரையேறு." மதினி எழுந்து நின்றிருந்தார்.

"இப்பந்தான மதினி எறங்கினேன்?"

"ஏறுன்னு சொல்லுதேன்லா!"

வழியில் டீக்கடையில் மதினி டம்ளரைக் கையில் வாங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ரெண்டு தலை தெரிஞ்சுது."

"வெயிலுக்கு ஏதாவது நெழலா இருக்கும்."

"நெழலு மூச்சு விடுமாட்டி?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். மதினிதான் தொடர்ந்தார். "தம்பிகிட்ட சொல்லிராத. சொன்னா நீச்சலையே நிறுத்திப்புடுவான்."

"ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்காவ ஒன்னைய ஒத்தையில விட முடியுமா?"

மறுநாள் என் இடுப்பில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். கயிறு சுண்டினால் திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு. சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பயம் கொஞ்சம் தெளிந்திருந்த ஒரு காலையில், எதிர்ப்பாறையை நெருங்கும்போது கயிறு சுண்டியது. நின்றேன். மறுபடி சுண்டியது, அழுத்தமாக. திரும்பிப் பார்த்தேன்.

மதினி இரண்டு கைகளையும் விரித்து நின்றிருந்தார். கயிற்றின் முனை அவர் காலடியில், பாறை மேல் கிடந்தது. "நான் இழுக்கலட்டி" என்று கத்தினார். கயிறு என் இடுப்பிலிருந்து நேராகக் கீழே, கறுத்த தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. எப்படி முடிச்சை அவிழ்த்தேன், எப்படிக் கரைக்கு வந்தேன் என்று இன்றும் நினைவில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டோம். கயிற்றை எடுக்கவில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் தூத்துக்குடிக் கடலில் பழகினேன். உப்புத் தண்ணீர் தொண்டையை அறுத்தது. சொறிமீன் பட்டுக் கையெல்லாம் தடித்தது. ஆனாலும் அடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நான் பயப்படவில்லை.

அடுத்த வருடம் மதினியும் நானும் தனுஷ்கோடிக்குப் போனோம். அக்கரையிலிருந்து முழுக் கடலையும் கடக்கும் தெம்பு எனக்கு இல்லை. அனுமதி வாங்கி, படகில் கொண்டுபோய் நடுவில் இறக்கிவிட, கரை வரை நீந்துவதாக ஏற்பாடு. கரை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் எவ்வளவு நீந்தியும் அது கிட்டே வரவில்லை. அதே வெள்ளை மணல், அதே தூரம். "நீரோட்டம் மாறிட்டு. ஏறிருங்கம்மா" என்றார் கூடவே படகில் வந்தவர்.

"கொஞ்சம் பாப்போம் அண்ணாச்சி."

கண்ணை மூடிக்கொண்டு கை போட்டேன். வெகு நேரம் கழித்து விரல் நுனியில் மணல் தட்டியது. எழுந்து நிற்கக் கால் வரவில்லை. முட்டி போட்டபடி நிமிர்ந்து பார்த்தேன். மதினி சேலையோடு தொடையளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அலை தள்ளத் தள்ள, அவர் என்னை நோக்கி இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்.