காபித்தூள் அக்கா

சி.ஏ. இறுதித் தேர்வுக்காக மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாசிப்பறையில் படித்துக்கொண்டிருந்தேன். எதிர் மேஜையில் அதே தேர்வுக்குப் படிக்கும் ஒரு அக்கா உட்காருவார். ஒல்லியானவர், கண்ணுக்குக் கீழே அடர்ந்த கருவளையம். காபித்தூள் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, தண்ணீர்கூட இல்லாமல் நாக்கில் கொட்டிக்கொள்வார்.

ஒரு மதியம் அவரிடம் ஸ்கேல் கேட்டேன். பதில் இல்லை. கண்கள் திறந்திருந்தன, கை பக்கத்தைப் புரட்டியது. ஆனால் மெல்லிய குறட்டைச் சத்தம் வந்தது. பயந்துபோய்த் தோளைத் தொட்டேன்.

"அக்கா, தூங்குறீங்களா?"

"தெரியலப்பா. தூக்கம் வரக்கூடாதுன்னுதான் இதைச் சாப்பிட ஆரம்பிச்சேன். இப்ப எது தூக்கம், எது முழிப்புன்னே புரியல. நீ நெஜமாவே பேசுறியா?"

சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

முதல் பேப்பர் அன்று இருவருக்கும் ஒரே ஹால். அவர் தலை நிமிராமல் எழுதினார். கூடுதல் தாள்கூட வாங்கினார். முடிந்து நான் வெளியே வந்தபோது, ஹால் டிக்கெட்டை நீட்டியபடி கேட் அருகே நின்றிருந்தார். விரலெல்லாம் பேனா மை.

"தம்பி, எப்ப உள்ள விடுவாங்க?"

"எக்ஸாம் முடிஞ்சிடுச்சுக்கா. நீங்க எழுதிட்டீங்க."

அவர் தன் விரல்களையே பார்த்தார். "நானா எழுதினேன்?"

ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். அடுத்த பேப்பர்களுக்கு அவர் இடம் காலியாகவே இருந்தது; மறுபடி அவரைப் பார்க்கவில்லை. பெயர் தெரியாததால் என்ன ஆனார் என்றும் தெரியவில்லை.

அடுத்த பேப்பருக்குப் பாதிப் பாடம் பாக்கி இருந்தும், அன்று வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன். கண் மூடியிருக்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.